மானுக்குப் பிடிக்காத ஜாக்கெட்

சம்பந்தியை நேரில் போய் அழைக்காமல் கலியாணம் செய்வது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. வாட்ஸ்அப்பில் போகும் அழைப்பிதழை என் மனுசி அழைப்பிதழாகவே எடுப்பதில்லை. அது வெறும் படம் என்பது அவளுடைய கட்சி. அதனால்தான் நவம்பர் தொடக்கத்தில், ஒஸ்லோவில் ஹொல்ம்லியாவில் தன்பாட்டில் கிடந்த நான், ஒரு வெள்ளித் தட்டமும் ஒரு பெட்டி பயத்தம் பணியாரமுமாக இங்கிலாந்துக்குப் புறப்பட்டேன்.

மாப்பிள்ளை பென் ஆங்கிலேயன். ஒஸ்லோவில் வேலை செய்கிற இடத்தில் என் மகள் ஆரணியைக் கண்டான். பிறகு எங்கள் வீட்டு மீன்குழம்பையும் கண்டான். இரண்டையும் விடமாட்டேன் என்று நின்றுவிட்டான். அவனுக்குத் தாய் இல்லை. தகப்பன் மார்ட்டின், வில்ட்ஷயர் பக்கம் ஒரு பெரிய எஸ்டேட்டில் மான்களுக்குப் பொறுப்பாக இருக்கிறார். எந்தக் கிடாயைச் சுடலாம், எந்தப் பெட்டையை விடலாம் என்று பார்த்து மான் தொகையைக் கட்டுக்குள் வைப்பது அவர் வேலை. தை மாதக் கடைசியில் கலியாணம் என்று பென் தொலைபேசியில் சொன்னபோது, அந்த நேரம் வர முடியாது என்று இரண்டு சொல்லில் முடித்துவிட்டாராம்.

புறப்படும்போது ஆரணி கதவடியில் வந்து நின்றாள்.

"அப்பா, அவர் வராட்டி பென்னின்ரை பக்கத்திலை ஒருத்தரும் இருக்க மாட்டினம். மணவறையிலை அவன் தனிய இருக்கிறதைப் பார்க்க எனக்கு ஏலாது. எப்பிடியாவது ஓம் எண்டு சொல்ல வையுங்கோ. ஆனா பகிடி விடாதேங்கோ. பின்லியா இருக்கும்."

பின்லி என்றால் நோர்வே மொழியில் மானம் போகிற காரியம். எங்கள் வீட்டில் அந்தச் சொல் வந்தால் எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

மனுசிக்கு வேறு கவலை. எஸ்டேட் என்றால் தேயிலை இருக்கும், இரண்டு பைக்கற் கேட்டு வாங்கிவரச் சொன்னாள்.

இந்த இடத்தில் என் ஜாக்கெட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதற்கு முந்திய ஞாயிறு மனுசி தூள் வறுத்திருந்தாள். எங்கள் கறித்தூள் சும்மா அரைக்கிற தூள் அல்ல. செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், கறிவேப்பிலை என்று ஒவ்வொன்றாகக் கருகுமுன் வறுத்து எடுக்க வேண்டும். வெளியே குளிர் என்பதால் யன்னல் திறப்பதில்லை. குசினிக்குப் பக்கத்து நடையில்தான் எல்லோருடைய ஜாக்கெட்டும் தொங்கும், வறுக்கிற மணம் முழுக்க அதில் ஏறிவிடும். ஒஸ்லோவில் மாடிவீடுகளில் வளர்ந்த எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் இந்தச் சங்கடம் தெரியும். ஆரணி பள்ளிக்கூடம் போன காலத்திலேயே தன் ஜாக்கெட்டைப் பிளாஸ்ரிக் பையில் கட்டிக் கட்டிலுக்குக் கீழே ஒளித்துவைப்பாள். ரயிலில் பக்கத்தில் இருந்தவர் மெல்ல எழும்பி வேறு சீட்டுக்குப் போவதை அவளும் பார்த்திருக்கிறாள், நானும் பார்த்திருக்கிறேன். அவருக்கு இறங்கும் இடம் வந்துவிட்டது என்று நான் எனக்குள் சொல்லிக்கொள்வேன்.

ஜாக்கெட்டைப் பல்கனியில் போடச் சொல்லி அன்றும் மகள் சொன்னாள். நான்தான் மறந்துவிட்டேன்.

இங்கிலாந்து ரயில் நடு வயலில் நின்றுவிட்டது. ஹொல்ம்லியா ரயில் பிந்தினால் எல்லோரும் தலையைக் குனிந்து ஃபோனைப் பார்ப்பார்கள். ஒருவர்கூட மற்றவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. இங்கே ரயில் நின்றதும் பெட்டி முழுவதும் ஒரு குடும்பமாகிவிட்டது. எதிரே இருந்த மூதாட்டி மூக்கைத் தூக்கி, யாரோ நல்ல சாப்பாடு வைத்திருக்கிறார்கள் என்று பக்கத்து ஆளிடம் சொன்னார். சாப்பாடு என் முதுகில் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? சம்பந்திக்குக் கொண்டுபோன பணியாரத்தில் ஒன்றை எடுத்துக் கொடுத்துச் சமாளித்தேன்.

அதற்குப் பிறகு பஸ். ஒரு கிராமம் முந்தியே இறங்கிவிட்டேன். மழைத் தூறலில் தட்டத்தைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, குதிரை ஏற்றுகிற வண்டி ஒன்று நின்றது. குதிரை பின்னால், நான் முன்னால். எங்கள் இருவரில் குதிரைக்குத்தான் போகும் இடம் தெரிந்திருந்தது. வண்டிக்காரப் பெண் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, இந்தத் தட்டம் நான் வென்ற கிண்ணமா என்பதுதான்.

மார்ட்டின் வாசலில் நின்றார். உயரம், மெலிவு, காது வரைக்கும் தொப்பி. அவருடைய கறுப்பு நாய் பெகி ஓடிவந்து என் ஜாக்கெட்டை மணந்தது. ஒரு தும்மல் போட்டது. மறுபடி மணந்தது. மறுபடி தும்மியது. பிறகு என்னை விட்டு அசையவே இல்லை.

தட்டத்தில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், பணியாரம், அழைப்பிதழ் எல்லாவற்றையும் அடுக்கி நீட்டினேன். மனிதர் கைகளைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு, யாரும் சொல்லிக்கொடுக்காமலே இரண்டு கையாலும் வாங்கினார். என் மனம் குளிர்ந்துபோனது. பிறகு அழைப்பிதழைத் திறந்து திகதியைப் பார்த்தார்.

"பெட்டை மான் காலம். வர முடியாது. மன்னிக்க வேண்டும்," என்றார்.

அவருடைய ஆங்கிலத்தில் பாதி எனக்கு விளங்கவில்லை. விளங்கியதை என் தமிழில் தருகிறேன். வந்து சேர்ந்து தேத்தண்ணி குடிக்க முன்னமே நான் வந்த காரியம் கெட்டுவிட்டது என்பது மட்டும் நன்றாக விளங்கியது.

சுவரில் இருந்த நாட்காட்டியைக் காட்டி விளங்கப்படுத்தினார். அங்கே இருப்பவை ஃபாலோ என்கிற இன மான்கள். அவற்றின் பெட்டைகளைச் சுடச் சட்டப்படி நவம்பரில்தான் காலம் திறக்கும், மார்ச் முடியப் பூட்டிவிடும். இங்கிலாந்தில் ஓநாயும் இல்லை, கரடியும் இல்லை. மனிதன் குறைக்காவிட்டால் மான்கள் பெருகி இளமரங்களைத் தின்று காட்டையே முடித்துவிடும். முந்திய வருடங்களில் அவரால் வேலையை நேரத்துக்கு முடிக்க முடிந்தது. இப்போது தனி ஆள். கடைசி நாள்வரை இழுபடுகிறது. ஏப்ரலில் கலியாணத்தை வைத்தால் முன்வரிசையில் வந்து இருப்பதாகச் சொன்னார்.

நாள் எடுத்தாகிவிட்டது என்றேன். எடுத்த நாளை மாற்றினால் மனுசி என்னை மாற்றிவிடுவாள் என்றேன். எங்களுக்கும் காலம் பார்க்க வேண்டும், ஆடியில் கலியாணம் இல்லை, மார்கழியில் இல்லை என்று அடுக்கினேன். முதல் தடவையாக அவர் முகத்தில் ஆர்வம் தெரிந்தது.

"அப்படியென்றால் அந்த மாதங்களில் மாப்பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு," என்றார்.

அவர் சிரிக்கவில்லை. பகிடி விடாதே என்று என்னை அனுப்பிய மகள், அங்கே பகிடி விடுகிற இன்னொருவர் இருப்பதைச் சொல்லவில்லை.

அடுத்த நாள் வியாழன். வந்தவனைச் சும்மா திருப்பி அனுப்பக்கூடாது என்று நினைத்திருக்க வேண்டும், மான் பார்க்கக் கூட்டிப்போவதாகச் சொன்னார். அதற்கு முதல் என்னை வெளியே போய் நிற்கச் சொன்னார். துப்பாக்கிப் பெட்டகத்தின் சாவி எங்கே இருக்கிறது என்பது அனுமதிப் பத்திரம் இல்லாத எவருக்கும் தெரியக்கூடாதாம். காலமான மனைவிக்கே தெரியாதாம். எங்கள் வீட்டில் நகை அலுமாரிச் சாவி இருக்கும் இடம் எனக்குத் தெரியாது. இரண்டு நாட்டிலும் சட்டம் ஒன்றுதான்.

அனுமதிப் பத்திரம் எடுப்பதைப் பற்றி நடந்துகொண்டே சொன்னார். பொலிஸ் வீட்டுக்கு வந்து பெட்டகத்தைப் பார்க்கும். வைத்தியரிடம் விசாரிக்கும். எதற்குத் துப்பாக்கி, எந்த நிலத்தில் சுடப்போகிறாய் என்று கேட்கும். எந்த ரைஃபிள், எத்தனை தோட்டா வைத்திருக்கலாம் என்பதுகூடப் பத்திரத்தில் எழுதியிருக்கும். பென்னை மாப்பிள்ளையாக ஏற்றபோது நாங்கள் இந்த அளவு விசாரிக்கவில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. மாப்பிள்ளை அவருடைய மகன்.

எனக்கு வேட்டைக் கதை புதிதல்ல. நான் வேலை செய்யும் ஒஸ்லோ பஸ் டிப்போவில் இலையுதிர் காலம் வந்தால் பாதிப்பேர் பெரிய மான் வேட்டைக்கு லீவு எடுத்துவிடுவார்கள். மிச்சப்பேர் மத்தியானம் பாண் துண்டுகளைக் கடித்துக்கொண்டு அதையே கதைப்பார்கள். அங்கே வேட்டைக்குப் போகப் படித்துச் சோதனை எழுத வேண்டும். பெரிய மான் என்றால் ஒவ்வொரு வருடமும் சுட்டுக் காட்டவும் வேண்டும். இங்கிலாந்தில் அப்படிக் கட்டாயச் சோதனை இல்லையாம். ஆனால் பொலிசின் கேள்விகளைத் தாண்டிப் போவதே ஒரு சோதனைதான்.

பத்திரம் இல்லாத விருந்தாளியும் அந்த நிலத்துக்குள், பொறுப்பானவர் பக்கத்தில் நிற்க, எஸ்டேட்டின் ரைஃபிளை இரவலாக வாங்கிச் சுடலாம். சிறைக்குப் போனவர்களுக்கு அது கிடையாது. மார்ட்டின் கொஞ்சம் நெளிந்துகொண்டு, சிறையில் இருந்ததுண்டா என்று கேட்டார். சிறையில் இல்லை, ஆனால் செக்பொயின்றுகளில் நிறைய நேரம் நின்றிருக்கிறேன் என்றேன். அவர் ரைஃபிளைக் கையில் தந்தார்.

துப்பாக்கியின் பின்பக்கத்தை அன்றுதான் முதலில் பார்த்தேன். அதுவரை எனக்குப் பழக்கம் முன்பக்கம்தான்.

மண்மேட்டுக்கு முன்னால் ஒரு கடதாசி மான். மூச்சை விட்டு மெல்ல அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். கடதாசி மான் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. இன்னும் சில தோட்டாக்கள் போயின. மண்மேட்டுக்கு நல்ல காயம். கடதாசியில் வட்டத்துக்குள் சுடாதவர் உயிர் மானைச் சுட முடியாது என்பது அவருடைய விதி. எனக்கு வந்த நிம்மதியை ஏமாற்றம் என்று நினைத்து என் தோளில் தட்டினார்.

பின்னேரம் காட்டோரத்தில் ஒரு உயரப் பரணில் ஏறி இருந்தோம். அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்து அமுக்க, வெள்ளைத் தூள் பறந்தது. திருநீறாக்கும் என்று நெற்றியை நீட்டப் பார்த்தேன். அது காற்றுப் பார்க்கிற தூள். தூள் நேராகக் காட்டுப் பக்கம் போனது. அவர் முகம் சுருங்கியது. காற்று மாறிவிட்டதாம்.

இருந்தாலும் மான்கள் வந்தன. மரங்களுக்கிடையில் முதலில் ஒரு காது, பிறகு ஒரு கழுத்து, பிறகு ஒரு கூட்டமே வந்து நின்றது. நான் மூச்சை அடக்கினேன். முன்னால் நின்ற பெட்டை மூக்கைத் தூக்கியது. காலால் நிலத்தை ஒரு தட்டுத் தட்டியது. அடுத்த கணம் அந்த இடம் வெறுமையாகிவிட்டது.

மார்ட்டின் மெல்லச் சாய்ந்து என் கொலரை மணந்தார்.

"இது என்ன?"

"கறித்தூள்."

"நல்ல மணம்," என்றார். பிறகு, "இந்தக் காட்டில் இருக்கிற எல்லா மானுக்கும் இப்போது நாங்கள் இங்கே இருப்பது தெரியும்," என்றார்.

ரயிலில் எழும்பிப் போனவர்களாவது மெல்ல எழும்பிப் போனார்கள். நடுக்காட்டிலும் என்னைவிட்டு எழும்பி ஓட ஆட்கள் இருக்கிறார்கள் என்று நினைக்கச் சிரிப்பு வந்தது. முழுச் சிரிப்பு அல்ல. சூரியன் மறைந்து ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு சுடச் சட்டம் இல்லை. அவர் மணிக்கூட்டைப் பார்த்துத் தோட்டாவைக் கழற்றினார். பெட்டை மான் காலத்தின் ஒரு நாளை நான் தின்றுவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் ஒரு பிளாஸ்ரிக் பை கேட்டு வாங்கி, ஜாக்கெட்டை அதற்குள் கட்டி வெளிவேலியில் தொங்கவிட்டேன். மகளிடம் பழகிய வித்தை.

இரவு மனுசி ஃபோன் எடுத்தாள். சம்பந்தி வருகிறாராமா என்று கேட்டாள். மான் காலம், நாள் சரிவராது என்றேன்.

"மானுக்கு ஆர் நாள் எடுத்தது?" என்று கேட்டாள். தேயிலை இல்லை என்பதை நான் அன்றைக்குச் சொல்லவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை நான் திரும்ப வேண்டும். மார்ட்டின் காலையில் மான் இறைச்சி சொசேஜ் பொரித்துவைத்தார், மணம் குசினி முழுக்க நின்றது. வெள்ளிக்கிழமை எங்களுக்கு மச்சம் இல்லை, மரக்கறிதான் என்று வெட்கத்தோடு சொன்னேன். ஏன் என்று கேட்டார். தாய் தகப்பன் செய்தார்கள், நானும் செய்கிறேன், அதற்கு மேலே எனக்குக் காரணம் தெரியாது என்றேன்.

"கிழமைக்கு ஒரு நாள் பூட்டின காலம்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, தன் தட்டில் இருந்த சொசேஜையும் எடுத்துப் பெகியின் கிண்ணத்தில் போட்டார். இரண்டு பேரும் பாணும் ஜாமும் சாப்பிட்டோம். பெகிக்கு மட்டும் நல்ல நாள்.

சாப்பிட்டுக்கொண்டே அவர் யன்னலால் வெளியே பார்த்தார். வேலியில் என் பை தொங்கியது. காற்று அதை ஆட்டியது. அவர் வாய்க்குக் கொண்டுபோன பாணை அப்படியே கீழே வைத்தார்.

எஸ்டேட்டில் நெருக்கமாக நட்ட பைன் மரக்காடு ஒன்று இருக்கிறது. பெட்டைகள் பகல் முழுக்க அதற்குள்தான் படுத்திருக்கும். உள்ளே போனால் வெருண்டு ஓடும். ஓடுகிற மானை அவர் சுடுவதில்லை. ஆனால் ஒரு பக்கத்தால் மனித மணம் மெல்ல வந்தால், அவை வெருளாமல் எழும்பி மற்றப் பக்கத்தால் நடந்து வெளியே வரும். அங்கே பரணில் அவர் இருப்பார். முந்தி மனைவிதான் காற்று வருகிற பக்கத்தில் போய் நிற்பாராம். அவர் போனபிறகு அதைச் செய்ய ஆள் இல்லை. காலம் இழுபடுவதற்குக் காரணம் அதுதான் என்று, என்னைப் பார்க்காமல் கோப்பையைப் பார்த்துச் சொன்னார்.

நான் போய்ப் பையை அவிழ்த்தேன்.

எந்தத் தோட்டாவும் வர முடியாத ஒரு மண்மேட்டுக்குப் பின்னால் என்னைக் கொண்டுபோய் விட்டார். அவர் திரும்பி வரும்வரை நடக்கக்கூடாது, கதைக்கக்கூடாது, ஜாக்கெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டும். நடக்காமல் நிற்கலாம். கதைக்காமல் நிற்பதற்கு எனக்குப் பயிற்சி இல்லை.

காற்று என் முதுகில் பட்டுக் காட்டுக்குள் போனது. மனுசி வறுத்த மிளகாயும் மல்லியும் சீரகமும் என்னைத் தாண்டி மரங்களுக்குள் போவது கண்ணுக்குத் தெரிவதுபோல இருந்தது. கொஞ்ச நேரத்தில் உள்ளே ஒரு அசைவு. ஒரு பெட்டை எழும்பியது. மூக்கைத் தூக்கியது. மற்றவையும் எழும்பின. ஒன்றும் ஓடவில்லை. கோயில் விழாவில் தலைவர் பேச எழும்பியதும் பின்வரிசை மெல்ல நழுவுமே, அதே பக்குவத்தில், ஒன்றன்பின் ஒன்றாக மறுபக்கம் நடந்தன.

அப்பால் ஒரு அடங்கிய சத்தம், சற்றுப் பிறகு இன்னொன்று. துப்பாக்கி வாயில் சத்தம் குறைக்கிற குழாய் இருந்தது. எனக்குத் தெரிந்த வெடிச் சத்தங்களோடு பார்த்தால் இது யாரோ கதவைச் சாத்தியதுபோல. ஆனாலும் என் கை தானாகத் தலைக்குப் போய்த் திரும்பியது.

மார்ட்டின் வந்தபோது முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. பெகிதான் என்னைச் சுற்றிச் சுற்றி ஓடியது. இரண்டு பெட்டைகளையும் இழுத்து வண்டியில் ஏற்ற உதவினேன். அவர் ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒருமுறை கையை வைத்துவிட்டுத்தான் கத்தியை எடுத்தார். ஹொல்ம்லியாவில் நாங்கள் சில குடும்பம் சேர்ந்து ஆடு வாங்கிப் பங்கு போடுவதுண்டு. அங்கே கதையும் சிரிப்புமாகத்தான் இருக்கும். இங்கே அவர் ஒரு சொல்லும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. அன்றைக்கு நான் கதைக்காமல் இருந்தது அது இரண்டாம் தடவை.

பின்னேரம் வேறொரு காட்டில் அதையே திரும்பச் செய்தோம். பெட்டைகள் திரும்ப நடந்து வந்தன.

இரவுச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு. மனுசி தந்துவிட்ட தூளில் கொஞ்சம் அதில் தூவினேன். மார்ட்டின் கண்ணீரோடு இரண்டாம் தடவையும் போட்டுச் சாப்பிட்டார். பிறகு எழும்பிப் போய் நாட்காட்டிக்கு முன்னால் நின்று, விரலால் ஒவ்வொரு கிழமையாகத் தொட்டுக்கொண்டு வந்தார். கலியாண நாளில் விரல் நின்றது. நான் முள்ளுக்கரண்டியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்படிப் போனால் அதற்கு முன்னம் முடிக்கலாம்," என்றார். "ஆனால் ஜாக்கெட்டை விட்டுவிட்டுப் போக வேண்டும்."

மாப்பிள்ளை வீட்டார் கேட்ட ஒரே சீதனம் அதுதான். கழற்றிக் கொடுத்தேன்.

பதிலுக்குத் தன்னுடைய பழைய பச்சைக் கோட்டைப் போட்டுவிட்டார். நாயும் மானும் சேறும் சேர்ந்த மணம். ஒஸ்லோ விமான நிலையத்தில் சுங்க நாய் என்னை விட்டுப் போக மறுத்தது. ஹொல்ம்லியா ரயிலில் பக்கத்தில் இருந்த பெண் மெல்ல எழும்பி மற்றச் சீட்டுக்குப் போனார். இந்தமுறை அது ஆங்கிலேய மணம் என்று சொல்ல வாய் உன்னியது.

மார்கழியில் ஒரு படம் வந்தது. ஒரு தடியில் என் ஜாக்கெட், கை இரண்டையும் விரித்துக்கொண்டு, வயல் வெருளிபோலக் காட்டோரத்தில் நின்றது. பக்கத்தில் பெகி. வேலை நன்றாகப் போகிறது என்று கீழே எழுதியிருந்தார். ஆரணி அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள்.

அதற்குப் பிறகு இன்னொரு படம். அதே ஜாக்கெட். அதன் கை நுனியில் மூக்கு முட்ட ஒரு பெட்டை நின்று புல் மேய்கிறது. டிக்கெட் எடுத்துவிட்டேன், ஆனால் இங்கே விடாத மழை, மணம் எல்லாம் கழுவுப்பட்டுப்போய்விட்டது, வேலை நின்றுவிட்டது, இன்னொரு ஜாக்கெட் அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்.

மனுசி அதை வாங்கி இரண்டு தரம் வாசித்தாள்.

"இத்தினை வருசத்திலை எங்கடை தூள் மணம் வேணுமெண்டு கேட்ட முதல் ஆள்," என்றாள். பிறகு போய்ப் பெரிய தாச்சியை அடுப்பில் வைத்தாள். செத்தல் மிளகாய்ப் பையை வெட்டினாள். நான் யன்னல்களை இறுகப் பூட்டிவிட்டு, புதிதாக வாங்கிய என் ஜாக்கெட்டை நடையில் கொளுவினேன்.

புகை மெல்ல எழும்பியது. எனக்குத் தும்மல், மனுசிக்குத் தும்மல். ஆரணி தன் அறையிலிருந்து வந்தாள். கையில் அந்தப் பிளாஸ்ரிக் பை. பெரிய பெண்ணாகி, வேலைக்கும் போன பிறகும் அவள் விடாத பழக்கம். பையின் முடிச்சை அவிழ்த்து, தன் ஜாக்கெட்டை எடுத்து உதறி, குசினிக் கதவுக்கு மிகக் கிட்ட இருந்த கொளுக்கியில் கொண்டுபோய்க் கொளுவினாள்.

"மாமாவுக்கு ஒரு ஜாக்கெட் காணாது," என்றாள்.

நெருப்பு அலாரம் கத்தத் தொடங்கியது. ஒருவரும் யன்னலைத் திறக்கப் போகவில்லை.